பத்தியமே மருந்து

நம் நாட்டு வைத்தியத்தில் பத்தியம் என்ற சொல்லுக்கு உள்ள கௌரவம் தனியானது. மருந்து உட்கொள்ளும் நாற்பது நாளும் புளியை விலக்கு, கத்தரிக்காயைத் தொடாதே, தாளிதம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியனுப்புவார்; வீட்டிலே பாட்டி அந்த விதிகளை வைத்தியரைக் காட்டிலும் கண்டிப்பாக நடத்திவைப்பாள்; நாற்பத்தோராம் நாள் பத்தியம் முறித்து, பழைய சாப்பாடு இலைக்குத் திரும்பிவிடும். மருந்து பெரியது, பத்தியம் அதற்குத் துணை, இரண்டுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு என்பது நம்மிடையே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன எண்ணம். சீலியாக் நோய் என்று பெயர் சொல்லி வைத்தியர் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தனுப்பிய தினத்தில், நோயாளி தம் மனத்தில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். இந்நோய்க்கு மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சஸ்திர சிகிச்சையும் இல்லை. இங்கே பத்தியமே மருந்து. அதை முறிக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. கேட்ட மாத்திரத்தில் இது கொடிய தண்டனையாகத் தோன்றக்கூடும். ஆனால் ஆயுள் முழுவதும் மருந்து விழுங்க வேண்டிய எத்தனையோ வியாதிகளுக்கு நடுவே, ஒரே ஒரு பொருளை உணவிலிருந்து நீக்கிவிட்டால் பெரும்பாலோருக்குக் குடல் தானே ஆறிவிடுகிற நோய் வேறெத்தனை உண்டு என்று நிதானமாக யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு, இதில் அடங்கியுள்ள அனுகூலமும் விளங்காமற் போகாது.

விலக்க வேண்டிய பொருள் இன்னதென்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லி, நீங்கள் சற்று எட்டி நின்று பாருங்கள். ஒரு பிடி மைதா மாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் ஊற வைத்து, பிறகு அந்த உருண்டையை ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்கினால், தண்ணீர் பால்போல வெளுத்துக்கொண்டே வரும். அந்த வெண்மை மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கி, இனிக் கலங்குவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகு கையில் மிஞ்சுவது, ரப்பரைப்போல இழுபடுகிற, பழுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பிசின் கட்டி. இத்தாலியில் பொலோஞா நகரத்து யாக்கோப்போ பெக்காரி என்ற அறிஞர் 1728-இல் இதே காரியத்தைச் செய்து, தானியத்துக்குள்ளே மாமிசத்தின் தன்மையை ஒத்த ஒரு வஸ்து இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அதுதான் குளூட்டன், நம் பாடநூல்கள் பசையம் என்று எழுதுகிற புரதம். பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசி வீசிக் காகிதம்போல் மெலிதாக்கும்போதும் அது கிழிந்துபோகாமல் விரிகிறதே, அந்த விரிவைத் தருவது இதுவே. ரொட்டி உப்பி எழும்போது உள்ளே உண்டாகும் வாயுவைப் பிடித்து நிறுத்துவதும் இதுவே. கோதுமையில் உள்ளதற்கு நெருங்கிய உறவான புரதங்கள் பார்லியிலும், ஐரோப்பியர் உண்ணும் ரை என்ற தானியத்திலும் இருக்கின்றன. அரிசியிலும் கேழ்வரகிலும் கம்பிலும் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் தினை, சாமை, வரகு, குதிரைவாலியிலும் அவை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனனம் செய்துகொண்டவர் பத்தியத்தில் பாதியைக் கற்றுக்கொண்டவராவார்.

இனி, இந்தப் புரதம் குடலில் செய்கிற காரியத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்; ஏனெனில் காரணம் தெரியாமல் கைக்கொள்ளும் பத்தியம் நெடுநாள் நிலைப்பதில்லை. நாம் உண்ணும் புரதங்களையெல்லாம் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலங்களாக்கி உடம்பில் சேர்க்கின்றன. குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதால், அவை அடர்ந்த இடங்களில் நொதியின் கத்தி இறங்குவதில்லை. முப்பத்து மூன்று கண்ணிகள் கொண்ட அப்படிப்பட்ட ஒரு துண்டு ஜீரணத்துக்குத் தப்பி முழுசாகவே நிற்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துச் சைத்தன் கோஸ்லாவும் அவருடைய சகாக்களும் 2002-இல் கண்டறிந்தார்கள். இதுவரை நடந்தது எல்லா மனிதர் குடலிலும் நடப்பதுதான். இதனால் யாருக்கும் கேடில்லை. ஆனால் டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்று வழங்கப்படும் மரபுக்கூறு உள்ளவர்களில் சிலருடைய தேகம் அந்தத் துண்டைப் பகைவன் என்று தவறாக எண்ணிவிடுகிறது. குடல் திசுவிலேயே உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அத்துண்டின் உருவத்தைச் சிறிது மாற்றிவிட, அந்த மாற்றத்தால் அது அந்த மரபுக்கூற்றின் பிடியில் இன்னும் இறுக்கமாகப் பொருந்திக்கொள்ள, அதைக் கண்ட வெள்ளணுக்கள் போர்க்கோலம் பூண்டு, எதிரிமேல் விடும் அம்புகளைச் சொந்தக் குடலின்மீதே எய்துவிடுகின்றன. மகரந்தம் பட்டுத் தும்மல் வருவதுபோன்ற ஒவ்வாமை அன்று இது. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த நோய். பரிசோதனைக் காகிதத்தில் டி.டி.ஜி. என்ற மூன்றெழுத்துக்களைக் கண்டிருப்பீர்கள். அந்த நொதிக்கு எதிராக இரத்தத்தில் தோன்றிய எதிர்ப்புப் பொருளின் அளவே அது. நோயில் அந்த நொதிக்கு உள்ள பங்கு 1997-இல் பெர்லினில் வெளிப்பட்ட பிறகுதான், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு இந்நோயைச் சந்தேகிக்கும் இன்றைய சௌகரியம் நமக்குக் கிடைத்தது.

தாக்குதலுக்கு இலக்காவது சிறுகுடலின் உட்பரப்பு. அங்கே ஒரு மில்லிமீட்டர் உயரங்கூட இல்லாத குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் வெல்வெட் துணியின் மயிர்போல நெருக்கமாக நின்று, உணவின் சாரத்தை உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்கின்றன. நோய் முற்றும்போது அவை குட்டையாகி, மழுங்கி, முடிவில் தேய்ந்துபோன பழங்கம்பளத்தைப்போல் பரப்பு மொட்டையாகிவிடுகிறது. உண்பதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் போவதன் ரகசியம் இதுதான். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு அதற்கு நேர்மாறாக மலச்சிக்கல், குழந்தையாயின் வயிறு உப்பிக் கைகால் சூம்பி வளர்ச்சி குன்றும், பெரியவர்களுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல், இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் தேறாத சோகையாகவோ, வயதுக்கு முந்திய எலும்புத் தேய்வாகவோ, கருத்தரியாமையாகவோ, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்களாகவோ வெளிப்படுவதும் உண்டு. இப்படி வேஷம் மாறி மாறி வருவதனால்தான், பலர் வருஷக்கணக்கில் வைத்தியர் வாசல்களில் அலைந்த பிறகே நோயின் பெயரைக் கேட்கிறார்கள்.

இந்தப் பத்தியம் மனிதனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற சரித்திரம், சோர்ந்த உள்ளத்துக்குத் தெம்பு தரக்கூடியது. கப்பதோக்கியா நாட்டிற் பிறந்த அரெட்டேயஸ் என்ற கிரேக்க வைத்தியர் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, உண்டது செரியாமல் கழிந்து உடல் வற்றும் நோய் ஒன்றை வருணித்து, வயிற்றைக் குறிக்கும் கொய்லியா என்ற சொல்லினின்றும் அதற்குப் பெயரிட்டார். லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1887-இல் குழந்தைகள் மருத்துவமனையில் நிகழ்த்திய சொற்பொழிவில், இந்நோய் தீருமானால் அது உணவினால்தான் தீரவேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். எந்த உணவு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவு டச்சு நாட்டுச் சிப்பி தின்ற ஒரு குழந்தை நன்றாகத் தேறி, சிப்பியின் பருவம் முடிந்ததும் மறுபடி விழுந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்; சிப்பியின் மகிமையையே அவர் கவனித்தார், அது நிரப்பிய வயிற்றில் எதற்கு இடமில்லாமற் போயிற்று என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழத்தைக் கொண்டு பல குழந்தைகளைப் பிழைக்கவைத்ததும் இதே கதைதான். புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. பிழைக்கவைத்ததோ, ரொட்டியை விலக்கிய விலக்கு.

உண்மையைக் கண்டவர் ஹாலந்து தேசத்து வில்லெம் காரெல் டிக்கே. ஹேக் நகரத்தில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராக இருந்த அவருக்கு, கோதுமையின்மேல் சந்தேகம் யுத்தத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. 1944-ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் அந்நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் டூலிப் பூச்செடியின் கிழங்கையும் வேகவைத்துத் தின்று உயிர் தரித்தார்கள். ஊரே வாடி வதங்கிய அந்தக் குளிர்காலத்தில், இந்நோயுற்ற குழந்தைகள் மாத்திரம் மோசமாகாமல் தேறி நின்றதையும், யுத்தம் முடிந்து ரொட்டி மறுபடி கிடைத்ததும் அவர்களை நோய் மறுபடி பற்றியதையும் டிக்கே பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல், குழந்தைகளின் உணவில் ஒவ்வொரு தானியமாகச் சேர்த்தும் நீக்கியும், எடையையும் மலத்திற் கழியும் கொழுப்பையும் அளந்து அளந்து பொறுமையாகச் சோதித்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வு நூலில் கோதுமையே குற்றவாளி என்று நிலைநாட்டினார். கோதுமையிலும் தீங்கு செய்வது மாவுச்சத்தன்று, குளூட்டனே என்பதை அவருடைய சகாக்களோடும் பர்மிங்ஹாம் ஆராய்ச்சியாளரோடும் நடந்த சோதனைகள் 1952-53-க்குள் உறுதிசெய்தன. இன்று உங்கள் கையில் வைத்தியர் கொடுத்த உணவுக் குறிப்பு அந்தப் பஞ்சக் குழந்தைகளின் வழியாக வந்தது. அதை அலட்சியமாக மடித்துச் சட்டைப் பையில் போட எனக்கு மனம் வராது.

நம் தேசத்துக்கு வருவோம். இது வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் வெகுகாலம் இங்கே நிலவியது. வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்படுவதை 1966-இலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தும் அந்த எண்ணம் எளிதில் கரையவில்லை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வு, வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்திலும், வடகிழக்கில் 0.87 பேரின் இரத்தத்திலும், தெற்கே 0.10 பேரின் இரத்தத்திலும் இந்நோயின் எதிர்ப்புப் பொருள் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு தெற்கத்தியரிடமும் ஏராளமாக இருக்கிறது. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே அது 25 கிராம்தான். தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்பது சிறு எண்ணாகத் தோன்றினாலும், கோடிக்கணக்கான ஜனங்கள் வாழும் தமிழ்நாட்டில் அதுவே பல்லாயிரம் பேராகும். அவர்களில் நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் தம் நோயின் பெயரை இன்னும் கேட்டறியாதவர்கள். சர்க்கரை வியாதிக்கு அஞ்சி இராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகளும், தெருவுக்கு ஒரு பரோட்டாக் கடையும் பெருகிவிட்ட இந்நாளில், பழைய எண்ணை நம்பி அசட்டையாக இருப்பது விவேகமன்று.

நம் பக்கத்தில் இந்நோய்க்காரருக்கு உள்ள ஒரு விசேஷ அபாயத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அரிசிச் சோறு உண்ணும் தமிழன் உடம்புக்கு முடியாமற் படுத்தால், அவனுக்கு நாம் கொடுப்பவை எவை? காய்ச்சல் என்றால் ரொட்டியும் பாலும். பசி எடுக்கவில்லை என்றால் பன்னும் ரஸ்கும். நீர்க்கடுப்பு என்றால் பார்லிக் கஞ்சி. பலத்துக்கு ரவைக் கஞ்சி. பார்க்க வருகிற உறவினர் அன்போடு வாங்கிவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்ந்ததுதான். நோயாளிக்கு இலகுவான ஆகாரம் என்று ஒரு நூற்றாண்டாக நாம் நம்பிவந்தவை அனைத்தும் இந்த ஒரு நோயாளிக்கு விஷம். வயிறு கெட்டிருக்கிறதே என்று சோற்றை நிறுத்தி ரொட்டி கொடுத்துக் கொடுத்து நோயை வளர்த்த தாய்மார்கள் மேல் குற்றம் இல்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. புழுங்கலரிசி நொய்க் கஞ்சிக்கு அவர்களைத் திரும்பச் சொல்லுங்கள். அதில் ஓர் அபாயமும் கிடையாது.

இட்லியும் தோசையும் இடியாப்பமும் ஆப்பமும் புட்டும் பொங்கலும் களியும் கூழும் உளுந்து வடையும் நமக்குச் சொந்தமாக இருக்கும்போது, கோதுமை ரொட்டியே உணவாய் வளர்ந்த தேசத்து நோயாளி படும் பாட்டில் கால் பங்கும் நமக்கு இல்லை. ஆகவே, பட்டணத்துக் கடைகளில் அதிக விலைக்கு விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கோத்துகளைத் தேடி முதல் நாளே ஓட வேண்டாம். நம் சமையலில் அபாயம் வெளிப்படையாகத் தெரிகிற சப்பாத்தி, பூரி, ரவா உப்புமா, சேமியாப் பாயசம், கோதுமை அல்வா ஆகியவற்றில் இல்லை. அவற்றைச் சிறுகுழந்தைகூட விலக்கிவிடும். மறைந்திருக்கும் இடங்களே வைத்தியர் குறிப்பிலும் பெரும்பாலும் இராதவை.

அவற்றுள் முதலாவது பெருங்காயம். கடையில் டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயம் முழுவதும் பெருங்காயமன்று. பிசினோடு மைதா மாவையோ அரிசி மாவையோ சேர்த்தே அதைச் செய்கிறார்கள். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் பருப்புப் பொடியிலும் நாள் தவறாமல் விழுகிற பொருளாகையால், டப்பாவின்மேல் உள்ள எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்து, அரிசி மாவு கலந்ததையோ கலப்பில்லாத பால் பெருங்காயத்தையோ வாங்குவது அவசியம். இரண்டாவது மாவு மில். அங்கே ஒரே இயந்திரத்தில் முந்தின வீட்டுக் கோதுமை அரைந்து முடிந்ததும் உங்கள் கேழ்வரகு கொட்டப்படுகிறது. கல்லில் ஒட்டியிருந்த கோதுமை மாவெல்லாம் உங்கள் மாவோடு கலந்து வீடு வந்து சேர்கிறது. மிளகாய்ப் பொடிக்கும் மல்லிப் பொடிக்கும் இதே கதி. வீட்டு மிக்ஸியிலோ, ஒரு சிறு மாவரைக்கும் இயந்திரம் வாங்க வசதியிருந்தால் அதிலோ அரைத்துக்கொள்வதே உத்தமம். சத்துமாவு என்ற பெயரில் விற்பவற்றில் கோதுமை சேர்வது சகஜம். ஓட்ஸ் தானியம் தன்னளவில் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது என்றாலும், வயலிலிருந்து ஆலைவரை கோதுமையோடும் பார்லியோடும் பழகி வருவதால், குளூட்டன் இல்லை என்று சான்றிட்டதை மட்டும், குடல் ஆறிய பிறகு, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

ஒரு சிட்டிகை மாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வீட்டிலே யாராவது கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட பரிசோதனையில், குடல் ஆறியிருந்த நோயாளிகள் சிலருக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது, குடலுறிஞ்சிகள் மறுபடி சேதமடையத் தொடங்கின. கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அந்த 50 மில்லிகிராம் அரைக் கிராம் மாவில் அடங்கிவிடும்; அதுதான் சிட்டிகை. குளூட்டன் இல்லாதது என்று முத்திரையிட ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று சர்வதேச விதியும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் வரையறுத்திருப்பது இத்தகைய கணக்குகளை ஒட்டியே. வாரத்துக்கு ஒருநாள் ஒரே ஒரு பரோட்டா என்பவருக்கும் இதே விடைதான். ஒரு துண்டு ரொட்டியில் இருப்பதே கிராம் கணக்கில் வரும்.

ஆகவே சமையலறையில் சில வஸ்துக்கள் தனியாக இருக்கட்டும். சல்லடை, மர அகப்பை, சப்பாத்திப் பலகையும் கட்டையும், இவை மாவைத் தம் இடுக்குகளில் ஒளித்துக்கொள்ளும்; நோயாளியின் உணவுக்கு இவை வேறாக வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கலாகாது. கோதுமை தோசை வார்த்த கல்லில் அப்படியே அரிசி தோசை வார்க்கலாகாது. நோயாளியின் தோசை முதலில், மற்றவர்களுடையது பிறகு என்ற கிரமத்தை வைத்துக்கொண்டால் பல சங்கடங்கள் தீரும். முடிந்தால் வீடு முழுவதுமே கோதுமையைக் கைவிட்டுவிடுவது இன்னும் சுலபம். சப்பாத்திக்கு முன்பும் தமிழ் வீடுகள் இருந்தன.

வீட்டைச் சீர்ப்படுத்துவது எளிது. விருந்து வீடுதான் கடினம். நம் சமூகத்தில் இலையில் இட்டதை வேண்டாமென்பது மரியாதைக் குறைவு. ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று அத்தை கையால் ஊட்ட வரும்போது மறுப்பதற்கு, அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவதைவிட அதிகத் துணிவு வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே உபாயம், பந்தியில் உட்கார்ந்த பிறகு மறுக்காமல், அழைப்பு வந்த அன்றே வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது. பிடிக்கவில்லை என்றோ, டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றோ மழுப்பாமல், கோதுமை என் குடலை அரித்துவிடும், கடுகளவும் ஆகாது என்று நேராகச் சொன்னால் நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள். பத்தியத்தை மதிக்கத் தெரிந்த ஜனங்கள் நாம். ஹோட்டலில் சாதா தோசை மாவில் மைதாவோ ரவையோ சேர்த்திருக்கிறதா, ரவா தோசைக்கும் அதே கல்தானா என்று கேட்கச் சங்கோஜப்பட வேண்டாம். திருப்தியான விடை கிடைக்காவிட்டால் ஆவியில் வெந்த அரிசி இட்லி இருக்கிறது. கோயிலில் ரவா கேசரிப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம். கத்தோலிக்கர்களுக்கு, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்தையோ திராட்சை இரசத்தை மட்டுமோ ஏற்றுக்கொள்ளத் திருச்சபை இடமளித்திருக்கிறது. பங்குத் தந்தையிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் போதும்.

பத்தியம் தொடங்கிச் சில வாரங்களிலேயே பலருக்கு வயிறு அடங்கி, முகத்தில் தெளிவு வரும். குடலின் உட்புறத்து உயிரணுக்கள் மூன்று முதல் ஐந்து நாளைக்கொருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருப்பதால், தாக்குதல் நின்றதும் பழுதுபார்க்கும் வேலை உடனே ஆரம்பமாகிவிடுகிறது. ஆயினும் பழைய வெல்வெட் முழுவதும் முளைக்கக் குழந்தைகளுக்கு மாதங்களும், பெரியவர்களுக்குச் சில சமயம் வருஷங்களும் ஆகும். குணம் தெரிந்துவிட்டதே என்று அந்த இடைக்காலத்தில் பத்தியத்தைத் தளர்த்துவதுதான் பெரும் பிழை. வலி தராமலே குடல் தேயும் என்பதை மறக்கலாகாது. ஆரம்பத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. அவை வளர்ந்தபின் பெரும்பாலும் பாலும் திரும்பிவிடும். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பவும், எலும்பின் உறுதியைச் சோதிக்கவும், தைராய்டைக் கவனிக்கவும் வைத்தியரைக் கேளுங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் டி.டி.ஜி. பரிசோதனையைத் திரும்பச் செய்து, பிறகு ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம். எண் இறங்கிக்கொண்டே வந்தால் பத்தியம் சரியாக நடக்கிறதென்று கொள்ளலாம். இறங்காவிட்டால் மறைவாக எங்கோ கோதுமை புகுகிறது என்று பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். வெறும் வெள்ளைச் சோறே கதி என்று இருந்துவிடாமல் கீரையும் பருப்பும் சிறுதானியமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியும் உடனிருப்பவர் இதை உணவியல் வல்லுநரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்நோய் இரத்த உறவுகளில் மறைந்து கிடப்பது. நோயுள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் பட்ட அலைச்சலை அவர்கள் பட வேண்டியதில்லை. அவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள், டி.டி.ஜி.யோடு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு முதற் சோதனை பொய்யாக நல்ல விடை தந்துவிடும். அதற்கு முன், உங்களைப் பார்த்து அவர்களும் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோதுமையை நிறுத்தியவரின் இரத்தத்திலும் குடலிலும் நோயின் அடையாளம் மறைந்துவிடுவதால், பிறகு எந்த வைத்தியராலும் உள்ளதை உள்ளபடி சொல்ல முடியாது.